மெய்ப்பொருள் காணும் போட்டி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டமும் பள்ளியும் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி நடத்தவிருக்கின்றன. தலைப்பு, ‘இணையத்தில் உண்மையும் பொய்யும்: பிரித்தறிவது எப்படி?’ பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குச் சில தயக்கங்கள். சென்ற ஆண்டு ‘கைப்பேசி: வரமா, சாபமா?’ என்று நடத்தினோம். பாதிக்கு மேற்பட்ட கட்டுரைகளில் ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை. இந்த ஆண்டு எல்லாரும் ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்றுதான் தொடங்குவார்கள் என்பது இப்போதே தெரிகிறது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வருகிறவர்களும் இருப்பார்கள். இப்படி ஒரு போட்டியால் பயன் உண்டா? எதை வைத்து மதிப்பெண் போடுவது? பல பிள்ளைகளுக்குச் சொந்தமாகக் கைப்பேசி கிடையாது. அவர்களுக்கு இது அநீதியாகிவிடாதா?

இன்னொன்று கேட்கவே சங்கடமாக இருக்கிறது. பரிசளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரவிருப்பவர் ஊரே மதிக்கும் பெரியவர், ஓய்வுபெற்ற அதிகாரி. போட்டிக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே, நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தியைப் போட்டார். குழுவே கைகூப்பியது. நானும் கைகூப்பும் படத்தைப் போட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?

பெயரும் ஊரும் வேண்டாம்.

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

போட்டியை நடத்துங்கள். தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள்.

‘பிரித்தறிவது எப்படி’ என்று கேட்டால் பிள்ளைகள் அறிவுரை எழுதுவார்கள். கட்டுரை என்று நாம் அவர்களுக்குப் பழக்கியதே அதைத்தான்: முன்னுரையில் ஒரு குறள், நடுவே நான்கு துணைத்தலைப்புகள், முடிவுரையில் ‘விழிப்புடன் இருப்போம்’. அதை எழுதி முதல் பரிசு வாங்கிய பையன் அன்று மாலையே ஏதோ ஒரு மூலிகை புற்றுநோயைக் குணமாக்கும் என்ற செய்தியைச் சித்தப்பாவுக்கு அனுப்புவான். இரண்டும் முரண் என்று அவனுக்குத் தோன்றாது. பொய்ச் செய்தி கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது, அதைப் பரப்புகிறவர் உட்பட. ஆகவே பிள்ளைகளிடம் கருத்தைக் கேட்காதீர்கள். ஒரே ஒரு செய்தியைக் கையில் கொடுத்து, ‘இது எங்கிருந்து கிளம்பியது என்று தேடு, தேடிய வழியை எழுது’ என்று சொல்லுங்கள். மதிப்பெண் அந்த வழிக்குத்தான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும்.

2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில் நடந்தது உங்கள் மாணவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது; அப்போது அவர்கள் சிறு பிள்ளைகள். குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அதில் இருந்த 65 வயது அம்மாள் தெருவில் நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வடமாநிலங்களிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்து இறங்கியிருக்கிறது என்ற குரல்பதிவுகள் அந்தப் பக்கம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கூட்டம் கூடியது. அந்த அம்மாளை அடித்தே கொன்றார்கள். உடன் வந்தவர்கள் படுகாயங்களோடு தப்பினார்கள். அதே மாதத்தில் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

இதைப் படிக்காதவர்களின் மூடத்தனம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் குரல்பதிவுகளை அனுப்பியவர்களில் மிகப் பலர் பிள்ளை பெற்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். உண்மையா பொய்யா என்று தெரியாது, எதற்கும் நம் ஆட்கள் காதில் போட்டுவைப்போம் என்று நினைத்தவர்கள். அந்த நினைப்பில் வஞ்சகம் இல்லை, பிள்ளைப் பாசம்தான் இருக்கிறது. அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல கைகள் மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்று உலகெங்கும் இறுக்கியது. வேகம் குறைந்திருக்கும். ‘எதற்கும் அனுப்பிவைப்போம்’ என்ற மனத்தை அந்தக் கட்டுப்பாடு என்ன செய்யும்?

அந்த மாதங்களில் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். வீடியோ அத்துடன் முடிகிறது. மூல வீடியோவில் அதற்குப் பிறகும் சில நொடிகள் உண்டு. அதே இருவரும் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு ஓர் அட்டையை விரித்துக் காட்டுகிறார்கள்: கராச்சித் தெருக்களில் ஒரு குழந்தையைக் கடத்த எவ்வளவு குறைந்த நேரம் போதும், பாருங்கள் என்று. காணாமல்போகும் குழந்தைகளுக்காகப் பாகிஸ்தானில் இயங்கும் ரோஷ்னி என்ற அமைப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. பொய்யைத் தயாரித்தவர் புதிதாக ஒரு காட்சியும் எடுக்கவில்லை. கடைசியை வெட்டினார், அவ்வளவுதான்.

இலங்கையில் அதே 2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறையில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட்ட சிங்களவர் ஒருவரின் குழம்பில் ஏதோ கட்டி தட்டுப்பட்டது. மலடாக்கும் மாத்திரையைக் கலந்துவிட்டார்கள் என்று சண்டை மூண்டது. முஸ்லிம்கள் அப்படிச் செய்கிறார்கள் என்ற வதந்தி ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் உலவிக்கொண்டிருந்தது. கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்க, ‘போட்டாயா?’ என்று கேட்டார்கள். கடைக்காரருக்குச் சிங்களம் அரைகுறை. மாவுக் கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்தோ, பயந்தோ, ‘ஆம், போட்டோம்’ என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அது ஒப்புதல் வாக்குமூலமாக நாடு முழுக்கப் போனது. கடையை நொறுக்கினார்கள். பள்ளிவாசலையும் விடவில்லை. பின்னர் அரசு ஆய்வகம் சோதித்ததில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் கிடையாது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகனவில் மூண்ட கலவரத்துக்கு உடனடிக் காரணம் வேறு. ஆனால் அதற்குள் இந்த வீடியோ எரியும் பொருளாகத் தயாராக இருந்தது. மார்ச் 7 முதல் சில நாட்களுக்கு அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கிவைத்தது.

இந்த இரண்டு வீடியோக்களையும் உங்கள் மாணவர்களிடம் கொடுத்து, இவற்றில் பொய் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வீடியோவுக்குள் எங்குமே இல்லை. கராச்சியில் அந்த இருவர் அந்தப் பையனைத் தூக்கியது நடந்ததுதான். அம்பாறைக் கடைக்காரர் வாயைத் திறந்து சொன்னதும் நடந்ததுதான். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அகப்படாது. வெட்டியெறிந்த நொடிகளில், ஊர் பெயரில், புரியாத மொழியில் கேட்ட கேள்வியில், அதாவது சட்டகத்துக்கு வெளியில், பொய் உட்கார்ந்திருக்கிறது. ‘கூர்ந்து கவனி’ என்ற அறிவுரை இங்கே உதவாது.

உங்களிடம் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு, ஏனென்றால் ஊன்றிப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் தமிழாசிரியரின் வேலை. ஆனால் 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர்கள் 25 பேர். எல்லாரையும் கணினி முன் உட்கார வைத்துச் சில இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒரு பணியில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் பக்கங்கள். ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட சங்கம். மற்றொன்று, ஒருபாலினத் தம்பதியர் தத்தெடுப்பதை அந்தச் சங்கம் ஆதரித்ததால் 2002இல் பிரிந்துபோன சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வரலாற்றாய்வாளர்களிலும் பலர் தடுமாறினார்கள், அவர்கள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தவர்கள். சரிபார்ப்பாளர்கள் அப்படிப் படிக்கவே இல்லை. பக்கம் திறந்த சில நொடிகளில் அதை விட்டு வெளியேறி, வேறு சாளரங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டார்கள். அவர்கள் ஒருவர்கூடத் தவறவில்லை.

நம் வீடுகளில் வரன் பார்க்கும்போது இதைத்தானே செய்கிறோம்? ‘நீங்கள் நல்லவரா’ என்று மாப்பிள்ளையிடமே யாரும் கேட்பதில்லை. அவர் தெருவில், வேலை பார்க்கும் இடத்தில் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைத்தான் பார்த்த மாத்திரத்தில் கட்டிவைத்துவிடுகிறோம்.

இனி, எப்படிப்பட்ட செய்தியைக் கொடுப்பது? உயிர்போகும் விஷயங்களில் தொடங்க வேண்டாம். எனக்குப் பிடித்தது அந்தத் தீபாவளிப் படம். கறுப்புப் பின்னணியில் இந்திய வரைபடம், அதன்மேல் வெள்ளையும் நீலமும் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள். தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து நாசா எடுத்தது என்று ஒவ்வோர் ஐப்பசியிலும் வந்துவிடும். இதை ஒரு மாணவி கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் முதலில் காணப்போவது, அதே படம் வெவ்வேறு ஆண்டுகளில் ‘நேற்றிரவு எடுத்தது’ என்ற குறிப்போடு வந்திருப்பது. புள்ளிகூட மாறாமல் இரண்டு தீபாவளிகள் இருக்க முடியாதே என்ற இடத்திலேயே அவளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். இன்னும் தேடினால் 2012 நவம்பரில் நாசாவே எழுதிய விளக்கம் கிடைக்கும். அமெரிக்காவின் வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் என்ற விஞ்ஞானி 2003இல் உருவாக்கிய படம் அது. மக்கள்தொகை பெருகியதைக் காட்டுவதற்காக, 1992க்கு முன்பே இருந்த விளக்குகளுக்கு வெள்ளை, 1992இல் தெரிந்தவற்றுக்கு நீலம், 1998க்குப் பச்சை, 2003க்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறார். அத்துடன் நாசா, 2012 தீபாவளியை ஒட்டி எடுத்த உண்மையான படத்தையும் வெளியிட்டது. எந்த இரவிலும் தெரியக்கூடிய ஊர்களின் வெளிச்சம்தான் அதில் இருக்கிறது. நாம் ஏற்றும் அகல்களும் வெடிக்கும் பட்டாசுகளும் கூட்டும் ஒளி அங்கிருந்து பார்த்தால் புலப்படுமா என்பதே சந்தேகம் என்று எழுதியிருந்தார்கள். இந்த வழியை ஒரு பத்தாம் வகுப்பு மாணவி இரண்டு பக்கத்தில் எழுதினால் நான் எழுந்து நின்று பரிசு கொடுப்பேன். மக்கள்தொகைப் பெருக்கத்தை நிறங்களால் காட்டலாம் என்பதை வேறு கற்றுக்கொண்டிருப்பாள்.

2016 நவம்பரில் வந்த 2000 ரூபாய் நோட்டுக்குள் ‘நானோ சிப்’ இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டரில் புதைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கும் என்ற கதையையும் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கி மறுத்த பிறகும் தொலைக்காட்சிகளில் வரைபடம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் என்னைக் கவர்ந்தது அந்த 120 என்ற எண். ‘ஆழத்தில்’ என்றிருந்தால் சிரித்திருப்போம். 120 என்றதும் யாரோ அளந்திருக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது.

வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் படித்தால் 2023 மார்ச்சில் நடந்ததைப் பேசாமல் விடாதீர்கள். தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அவற்றில் ஒன்று திருப்பூரில் பிகார் தொழிலாளர்களே இரு கோஷ்டிகளாக மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று நம் காவல்துறை விளக்கியது. பிகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. 2018இல் வடக்கத்தியர்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று இங்கே நம்பினோம். ஐந்து ஆண்டுகள் கழித்து, தமிழர்கள் ஆளைக் கொல்கிறார்கள் என்று அங்கே நம்பினார்கள்.

ஒரு எச்சரிக்கை. கொடுப்பதெல்லாம் பொய்ச் செய்தியாகவே இருந்தால் பிள்ளைகள் எதையும் நம்பாதே என்பதைத்தான் கற்றுக்கொண்டு போவார்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான், தேட வேண்டிய வேலை மிச்சம். கேட்டால் புளுகுபோலத் தெரிகிற உண்மை ஒன்றையும் கலந்து கொடுங்கள். ‘1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 வேட்பாளர்கள் போட்டியிட்டார்கள்; வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டியதாயிற்று’ என்பது முழு உண்மை. விவசாயிகள் தங்கள் குறைகளைக் கவனிக்க வைக்க எடுத்த வழி அது. தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் இன்றைக்கும் பார்க்கலாம். நீங்கள் ஈரோட்டுப் பக்கம் என்றால் வயதானவர்களிடம் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். எங்கே தேடினான், யாரிடம் கேட்டான், எது கிடைத்ததும் மனத்தை மாற்றிக்கொண்டான், இவற்றுக்குப் போடுங்கள். ‘இவ்வளவும் தேடினேன், உறுதியாகத் தெரியவில்லை’ என்று முடிக்கிறவனுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விதிமுறையிலேயே அச்சடித்துவிடுங்கள். நம் பள்ளிகளில் ‘தெரியவில்லை’ என்ற விடைக்கு யாரும் அரை மதிப்பெண்கூடக் கொடுத்ததில்லை. எதையாவது எழுதிவை, இரக்கப்பட்டுப் போடுவார்கள் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். குடும்பக் குழுக்களில் எல்லாக் கேள்விக்கும் எல்லாரிடமும் விடை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கைப்பேசி இல்லாத பிள்ளைகளுக்குச் செய்தியைத் தாளில் அச்சடித்துக் கொடுங்கள். நூலகக் கணினியில் ஆளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஆனால் தேடுவது என்றால் இணையத்தில்தான் என்று கட்டாயமில்லை. மருந்து பற்றிய செய்தியானால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்கலாம், உரம் பற்றியதானால் வேளாண்மை அலுவலரை, நோட்டு பற்றியதானால் வங்கியில் உள்ளவரை. ஒரு மாணவன் கைப்பேசியைத் தொடாமல் மூன்று பேரைப் பார்த்துவிட்டு வந்தால் அவனுக்கு ஒரு படி கூடவே போடுவேன்.

செயற்கை நுண்ணறிவு அறிவுரைக் கட்டுரையை ஒரு நிமிடத்தில், குறளும் சேர்த்து, எழுதிக் கொடுக்கும். அப்படிப்பட்ட கட்டுரையைக் கேட்கக் கூடாது என்பதற்கு வேறு காரணமே வேண்டாம். தேடிய வழியைக்கூடக் கற்பனை செய்து தரும். அதனால் எழுத்தோடு நிறுத்தாமல், முதல் சுற்றில் தேறியவர்களைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். தேடியவனுக்குத் தான் எங்கே வழி தவறினோம் என்று சொல்லத் தெரியும்.

கடைசியாக உங்கள் சிறப்பு விருந்தினர். நீங்கள் கைகூப்பியதில் குற்றம் இல்லை. அது செய்திக்குக் கும்பிடு அல்ல, பெரியவருக்குக் கும்பிடு. நம் ஊரில் பொய்ச் செய்திக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பும் இந்த மரியாதைதான். மாமா போட்டதை மருமகன் மறுக்க முடியாது. இந்த யுனெஸ்கோக் கதையை 2008ஆம் ஆண்டிலேயே அந்த அமைப்பு மறுத்தது. தேசிய கீதங்களுக்குப் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் வேலை எதுவும் அதற்குக் கிடையாது.

குழுவில் திருத்தாதீர்கள். எல்லார் முன்னிலையிலும் திருத்தினால் அவர் செய்திக்காக அல்லாமல் தன் மானத்துக்காக வாதாடுவார். தனியாக அனுப்புங்கள்: ‘ஐயா, வணக்கம். போட்டிக்காகச் செய்திகளைத் தேடிக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. யுனெஸ்கோ இதை மறுத்திருக்கிறதாம். பிள்ளைகளுக்கு இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்று தங்களிடம் கேட்கத் தோன்றியது.’ அதோடு மறுப்பின் இணைப்பு. ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்குக் கோப்பு பார்த்துப் பழக்கம், ஆவணம் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். மேடையில் அவரே சொல்ல முன்வந்தால் உங்கள் போட்டிக்கு அதைவிடச் சிறப்புரை வேண்டாம். பதிலே வராவிட்டாலும் விட்டுவிடுங்கள். தேசிய கீதத்தைக் கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்ததால் யாருக்கும் கேடில்லை.

ஆனால் நாளைக்கே அதே குழுவில் அதே பெரியவர் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்றோ, இன்ன சாதிக்காரர், இன்ன மதத்துக்காரர் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார் என்றோ போட்டால் தனிச்செய்தி, வணக்கம் எதுவும் வேண்டாம். குழுவிலேயே, அந்த நிமிடமே, இதற்கு ஆதாரம் இல்லை, யாரும் யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று எழுதிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் விழாவுக்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்.